நிழல் மறையும் நெடுந்தீவு

ஒரு சித்திரைப் புத்தாண்டன்று, ஏப்ரல் 14 ஆம் நாள், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குப் படகேறினேன். ஊர்காவற்றுறையையும் நயினாதீவையும் நெடுந்தீவையும் தேசப்படத்திலே மாணவருக்குப் பல்லாண்டுகளாகச் சுட்டிக் காட்டியவன் நான். அத்தீவுகளின்மீது செல்லும் அகலக்கோட்டைக் கண்ணாரக் காணவேண்டும் என்னும் ஆசை அன்றுதான் நிறைவேறியது.

கற்பனைக் கோட்டைக் காண்பது எங்ஙனம் என்று நேயர்கள் நகைக்கலாம். நெடுந்தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9½ பாகையில், அதாவது 1,050 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வடக்கே 23½ பாகையிலுள்ள கடகக்கோட்டுக்கும் தெற்கே அதே அளவிலுள்ள மகரக்கோட்டுக்கும் இடையே சூரியனின் உச்சிநிலை ஆண்டுதோறும் போய் மீள்கிறது. ஆதலால் இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நெடுந்தீவில் அது ஏப்ரல் 14, 15 ஆம் நாள்களிலும் ஓகஸ்ட் 28, 29 ஆம் நாள்களிலும் நிகழும். கடகக்கோட்டுக்கு அப்பாலுள்ள டில்லியில் நண்பகல் நிழல் ஒருநாளும் மறைவதில்லை. 66½ பாகைக்கு அப்பாலோ, நடுக்கோடையில் சூரியன் மறைவதே இல்லை.

பவளக் கல்வேலி ஒன்றின் அருகே ஒரு தடியைத் தூக்குநூல் பார்த்து நிமிர நாட்டினேன். நமது கடிகாரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியது. நெடுந்தீவு அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது 12 மணி 11 நிமிடமளவில் வரும். அவ்வேளை நெருங்க, தடியின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியிலேயே ஒடுங்கிற்று. வேடிக்கை பார்த்து நின்ற சிறுவன், "சேர், நிழல் எங்கே போய்விட்டது?" என்றான். "நாம் நிற்கும் கோட்டின்மேல் சூரியன் வந்துவிட்டான்" என்றேன்.

அன்றிரவு தங்கிய வீட்டின் முதியவர் என்னை வடகரைக்கு அழைத்துச் சென்றார். இளமையில் தோணியோட்டியவர். கையை நீட்டி, முட்டியைக் கடல்விளிம்பில் வைத்தார். முட்டியின் மேலே துருவ நட்சத்திரம் மினுங்கியது. நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகை. துருவ நட்சத்திரத்தின் உயரமோ ஊரின் அகலக்கோட்டு அளவுக்கு ஏறத்தாழச் சமம். சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட நூல் கோத்த இராப்பலகையால் இந்த உயரத்தை அளந்தே துறைகளை அறிந்தனர் என்பதைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850 இல் எழுதியுள்ளார்.

முதியவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "மாஸ்ரர், என் மகன் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் நிற்கிறான். அங்கே இந்த வெள்ளி எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

"எழுபது பாகை, ஐயா. ஏழு முட்டி."

அவர் முட்டிமேல் முட்டியாக அடுக்கி எண்ணினார். ஏழாவதில் கழுத்து அண்ணாந்துவிட்டது. ஒரு முட்டி ஏறக்குறைய 1,100 கிலோமீற்றர் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கு அது விளங்கியிருந்தது.

"அவனும் இதைத்தானே பார்ப்பான்" என்றார்.

மாணவர்களே, இன்றிரவு வடதிசை நோக்கிக் கையை நீட்டிப் பாருங்கள். உறவினர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பின், அவர்களையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். வகுப்பறையில் நான் வரைந்த கோடுகள் மனிதரைப் பிரிக்கும் தொலைவின் அளவுகளும் ஆகும் என்பதை நெடுந்தீவுக் கரையிலேதான் கற்றேன்.