இரண்டு கிளிநொச்சிகள்

சென்ற விடுமுறைக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த என் தம்பியின் மகன், விறாந்தையில் மடிக்கணனியை விரித்து வைத்துக்கொண்டு, "பெரியப்பா, வன்னி வீதியெல்லாம் எனக்கு வேணும்" என்றான். அவன் கேட்டது வீதியையன்று, வீதிகளின் விவரத்தை. ஊர்களைப் புள்ளிகளாகவும், அவற்றை இணைக்கும் வீதிகளைக் கோடுகளாகவும் கொண்டு கணனிக்குள் ஒரு வலையைப் பின்னி, அதனிடம் வினா எழுப்புவது அவனது பயிற்சி. அவ்வாறு வினவுவதற்கென்றே ஒரு மொழி உண்டு. அதன் பெயர் கிரெம்லின். மொஸ்கோ நகரத்து மாளிகையை நினைத்துவிட வேண்டாம். இயந்திரங்களுக்குள் புகுந்து குறும்பு செய்யும் குட்டிப் பிசாசுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது.

2009 இல் தொடங்கிய டிங்கர்பொப் என்னும் திட்டத்தில் பிறந்த இம்மொழியை ஜாவா, பைதன், ஜாவாஸ்கிரிப்ட், கோ எனப் பல நிரல்மொழிகளிலிருந்தும் பேசலாம். ஒவ்வொன்றிலும் சிறு திரிபு உண்டு. ஜாவாவில் 'இன்' என்று எழுதும் சொல், பைதனில் வேறொரு காரியத்துக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், அங்கே கீழ்க்கோடு ஒன்றை வாலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொல் திரிந்தாலும் பொருள் திரியலாகாது அல்லவா? அதற்காக அதனை ஆக்கியோர் ஒரே வினாத்தாளை ஒரு பொது நடையில் எழுதிவைத்து, எல்லா நிரல்மொழிகளையும் அதற்கே விடையளிக்கச் செய்கிறார்கள். நமது க.பொ.த. பரீட்சையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிமூலத்தாரும் ஒரே வினாவுக்கு விடை எழுதுவதைப் போன்றது இது.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி வரையிலான கண்டி வீதி என்னுடையது. கிளிநொச்சியிலிருந்து பரந்தன், அங்கிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று சுற்றி வருவது அவனுடையது. என்னிடம் பழைய எழுத்துருவில் தட்டெழுதிய ஊர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. அதையே புதிய முறைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு வழி யாது என்பது முதல் வினா. நான்கு நிரல்மொழிகளிலும் கேட்டான்.

"நாலும் ஒரே மறுமொழி சொல்லுது, பெரியப்பா!" என்று பூரித்தான்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தேன். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன்.

"எட தம்பி, முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் பரந்தனுக்குப் போறவன் ஆர்?"

அவன் முகம் வாடிவிட்டது. ஒன்றோடொன்று ஒத்துப் போனமையால் நான்கும் சரியென்று எண்ணியிருந்தான். நான்கும் ஒரே வலையைப் பார்த்துத்தான் பேசின. வலையிலே பிழை இருந்தால் நான்கும் ஒரே பொய்யைச் சொல்லும். முறிகண்டியிலிருந்து கிளிநொச்சிக்குக் கோடு இருந்தது. கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்கும் கோடு இருந்தது. ஆயினும் வழி இல்லை!

விளக்கு வைக்கும் வேளைவரை தேடினான். பிறகு ஊர்ப்பெயர்களின் நீளத்தை அளந்து பார்த்தான். அவன் எழுதிய கிளிநொச்சிக்குப் பைதன் 10 என்றது. நான் கொடுத்த கிளிநொச்சிக்கு 11 என்றது. கோ மொழியோ எழுத்துகளை விட்டு அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணி, 30 என்றும் 33 என்றும் சொல்லிற்று. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கணக்கில் கிளிநொச்சிக்கு எழுத்து ஐந்தே. 'நொ'வில்தான் வினை இருந்தது. அவனுடையதில் ஒகரக் குறி ஒரே குறியீடு. என் பழைய பட்டியலிலிருந்து வந்ததிலோ கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். யுனிகோட் விதியும் இரண்டையும் சமமென்றே கொள்கிறது. ஆனால் நாம் ஒருமுகப்படுத்திக் கொடுக்காவிடின் கணனி அவற்றை இரண்டு ஊர்களாகவே கொள்ளும். நான் பிறந்த ஊரை நானே இரண்டாக்கி, நடுவில் வீதியில்லாமல் செய்திருந்தேன்.

திருத்திய பின், "இனி விடையை நீங்கள் சொல்லுங்கோ, நான் முதலே எழுதிவைக்கிறன்" என்றான். அந்தப் பொது நடைக்குக் கேர்க்கின் என்று பெயர். ஊறவைத்த சிறு வெள்ளரிக்காய் என்பது பொருளாம். அதைத் தமிழ்ச் சொற்களாலும் எழுதலாம் என்று அவன் காட்டியபோது வியந்தேன். 'கொடுக்கப்பட்ட' என்று நிலைமையையும், 'எப்போது' என்று செயலையும், 'அப்பொழுது' என்று விடையையும் தொடங்க வேண்டும். 'எப்போது' என்பது வினாச்சொல்லாயிற்றே, அங்கே அது பொருந்துமா என்று கேட்டேன், சிரித்தான். அதையும் யாராவது சோதித்துப் பார்த்திருக்கலாம்.

மாங்குளத்திலிருந்து நேரே செல்லக்கூடிய ஊர்கள் எவை என்றதற்குப் புளியங்குளம், முறிகண்டி, ஒட்டுசுட்டான் என்று சொன்னேன். கணனி ஒட்டுசுட்டானை முதலில் சொல்ல, சோதனை தோற்றது. இம்முறை பிழை கணனியுடையதன்று. வரிசையை நாம் கேட்கவில்லை. கேளாத வரிசையை அது காக்க வேண்டியதுமில்லை. விடையில் வரிசை பொருட்டன்று என்று குறித்ததும் நான்கிலும் பச்சை விழுந்தது.

கடைசி வினாவை நான் கொடுத்தேன். கிளிநொச்சி மூடியிருந்தால் வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு வழி உண்டா?

"ஏன் பெரியப்பா அப்பிடிக் கேக்கிறியள்?" என்றான். கண்டி வீதி 2002 இல் திறந்ததும் 2006 இல் மறுபடி மூடியதும் அவனுக்கு வரலாற்றுச் செய்தி. 1996 இல் கிளிநொச்சியை விட்டு நீங்கி நாங்கள் விசுவமடுவில் தங்கியிருந்தோம். மாங்குளத்துக்குப் போக வேண்டுமாயின் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று சுற்றித் துவிச்சக்கரவண்டி மிதிப்பேன். முன்தண்டில் அவனுடைய தகப்பன் இருப்பான்.

விடையை நான் சொல்லச் சொல்ல எழுதினான். மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன். பாதி எழுதும்போதே அவன் கை நின்றது. காலையில் பிழையென்று நாங்கள் தள்ளிய அதே வழி.