தனியாகச் சொல்லித் தருகிறோம் என்றார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் புத்தகம் எடுக்கவில்லை, பாட்டுப் போட்டோம். இத்தாலிய மொழி ஓபரா. அறையில் இருந்த யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது, போட்ட எங்களையும் சேர்த்து. பாடியவர் கிரேஸ் பம்ப்ரி. "இது பணக்காரங்க கேக்குற பாட்டு தோழர், இதுல நமக்கென்ன இருக்கு?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1946-ல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதிய நாளிலிருந்து கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் படித்துதான் வருகிறோம். ஆனால் தலைவர்களைப் படித்த அளவுக்குப் பாடகர்களைப் படித்ததில்லை. அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

பம்ப்ரி 1937-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி, அம்மா ஆசிரியை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த பிள்ளை. சிறுமியாக இருந்தபோது மரியன் ஆண்டர்சன் பாடுவதைக் கேட்டது அவரை இந்தப் பக்கம் இழுத்தது. கறுப்பர் என்பதால் 1939-ல் வாஷிங்டனில் அரங்கம் மறுக்கப்பட்டு, லிங்கன் நினைவகப் படிக்கட்டில் நின்று 75,000 பேர் முன்னால் பாடினாரே, அதே ஆண்டர்சன்தான்.

1954-ல், 17 வயதில், பம்ப்ரி ஒரு வானொலிப் பாட்டுப் போட்டியில் கலந்துகொண்டார். வெர்டியின் 'டான் கார்லோஸ்' ஓபராவில் எபோலி இளவரசி தன் அழகையே சபித்துப் பாடும் பாட்டு. பெரிய பாடகிகளே தயங்கும் உருப்படி. முதல் பரிசு கிடைத்தது. பரிசில் ஒரு பகுதி, அந்த ஊர் இசைக் கல்வி நிறுவனத்தில் உதவித்தொகையோடு படிப்பு. நிறுவனம் சேர்க்க மறுத்தது. கறுப்பர்களுக்கு இடமில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இதே 1954-ல்தான்.

தகுதி, திறமை என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். போட்டி வைத்தது அவர்கள். மார்க் போட்டதும், முதல் இடம் கொடுத்ததும் அவர்கள். தகுதியில் ஒரு குறையும் இல்லை. கதவு அதற்குப் பிறகுதான் சாத்தப்பட்டது.

முழுதாகச் சாத்தவும் இல்லை என்பதுதான் விஷயம். மற்ற மாணவர்களோடு உட்கார வைக்க முடியாது, வேண்டுமானால் தனியாகச் சொல்லித் தருகிறோம் என்றார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரியே இருக்கிறது, இல்லையா? நம் ஊர் டீக்கடையில் டீ இல்லை என்று யாரும் சொன்னதில்லை. டீ உண்டு. அதே பால், அதே சர்க்கரை, அதே காசு. டம்ளர் மட்டும் வேறு.

பம்ப்ரியின் பெற்றோர் வேண்டாம் என்றார்கள்.

இதைச் சொல்லும்போது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்களோடு இருந்த ஒரு மாணவிக்கு நல்ல குரல். முறையாகக் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு பாட்டு வகுப்பில் சேரப் போனார். மற்ற பிள்ளைகள் போன பிறகு வா, உனக்குத் தனியாக எடுக்கிறேன் என்று சொல்லப்பட்டது. எங்களிடம் வந்து கேட்டார். "போம்மா, வித்தைதான் முக்கியம். கத்துக்கிட்டு வந்துடு, மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்" என்றோம். மேடையில் இரட்டைக் குவளையை எதிர்த்துப் பேசுகிற நாங்கள்தான் சொன்னோம். இரண்டு மாதம் போனார். பிறகு நின்றுவிட்டார். இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். பாடுவதில்லை.

மறுத்ததால் பம்ப்ரிக்கு எல்லாம் கூடி வந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது, பாஸ்டன் பல்கலைக்கழகக் கதவு திறந்தது, பிறகு நார்த்வெஸ்டர்னில் லோட்டே லேமான் என்ற பெரிய ஜெர்மன் பாடகி ஆசிரியையாக அமைந்தார். எல்லோருடைய மறுப்புக்கும் இப்படி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காத்திருப்பதில்லை. மறுத்துவிட்டு வீட்டோடு போன பிள்ளைகளின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

1960-ல் பாரிஸ் ஓபராவில் 'ஆயிடா'வின் அம்னெரிஸாக அறிமுகம். அடுத்த ஆண்டு பைராய்ட். அது வாக்னர் தன் ஓபராக்களுக்கென்றே கட்டிய அரங்கம். இசையில் யூதர்களுக்கு இடமில்லை என்று கட்டுரை எழுதியவர் வாக்னர். ஹிட்லர் விருந்தாளியாக வந்துபோன இடம் அது. அங்கே 'டான்ஹாய்சர்' ஓபராவில் வீனஸாகப் பாட வாக்னரின் பேரன் வீலாண்ட் 24 வயது பம்ப்ரியைத் தேர்ந்தெடுத்தார். அந்த மேடை ஏறிய முதல் கறுப்பர். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. முதல் நாள் பாடி முடித்ததும் அரை மணி நேரம் கைதட்டல், 42 முறை திரைக்கு முன்னால் வந்து வணங்க வேண்டியிருந்தது. 1962-ல் வெள்ளை மாளிகை அழைத்துப் பாட வைத்தது.

பத்திரிகைகள் 'கறுப்பு வீனஸ்' என்று எழுதின. பட்டமா, முத்திரையா? அந்தக் கதையில் தூய்மையான பெண் எலிசபெத். வீனஸ் காமத்தின் தெய்வம். கறுப்புப் பெண்ணுக்கு முதலில் திறந்த வேடம் எது என்பதை எங்கள் வட்டத்துப் பெண்கள்தான் உடனே பிடித்தார்கள். நம் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குரலுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. பெண் குரல்களில் மேலே சொப்ரானோ, பெரும்பாலும் கதாநாயகி. அதற்குக் கீழே மெஸ்ஸோ சொப்ரானோ. எதிராளி, தாய், சூனியக்காரி, சில சமயம் ஆண் வேடம். பம்ப்ரி மெஸ்ஸோ என்றார் லேமான். இல்லை, சொப்ரானோ என்றார் இன்னொரு ஆசிரியர். மெஸ்ஸோவாகவே அவர் உச்சத்துக்குப் போனார். 1963-ல் லண்டன் கோவன்ட் கார்டனிலும், 1965-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் எபோலியாகத்தான் அறிமுகமானார். 17 வயதில் பரிசு வாங்கிக் கொடுத்த அதே எபோலி. பிறகு 1970-ல் சலோமே, 1971-ல் டோஸ்கா என்று சொப்ரானோ வேடங்களுக்குப் போனார். குரல் கெட்டுவிடும் என்றார்கள். எங்கள் காதுக்கும் அவருடைய மெஸ்ஸோ பதிவுகள்தான் பிடித்திருக்கின்றன. ஆனால் எந்த வேடம் பாடுவது என்று முடிவெடுத்தவர் அவரே.

வட்டத்தில் பெரிய சண்டை வந்தது 1985-ஐப் பற்றித்தான். ஏழைக் கறுப்பர்களின் கதையை வெள்ளையரான கெர்ஷ்வின் இசையமைத்த 'போர்கி அண்ட் பெஸ்' 1935-ல் வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து மெட்ரோபாலிட்டன் அதை முதன்முறையாக மேடையேற்றியபோது பெஸ் வேடத்துக்கு பம்ப்ரியை அழைத்தார்கள். இவ்வளவு உழைத்து இவ்வளவு தூரம் வந்த பிறகு 1935-க்குத் திரும்பிப் போவதா என்று அவருக்குத் தயக்கம். நான் பாடினாலும் பாடாவிட்டாலும் அது அமெரிக்க வரலாற்றில் இருக்கத்தான் போகிறது என்று பிறகு பாடினார். "அந்தத் தயக்கம் தன்மானம்" என்றார் ஒருவர். "சொந்த சனத்தைப் பாக்கக் கூசுறதுதான் அது" என்றார் இன்னொருவர். பறை அடிக்க மாட்டோம் என்று குச்சியை எறிந்த தலைமுறையும், பறை எங்கள் கலை என்று மேடையேற்றிய தலைமுறையும் ஒரே வீட்டில் இருக்கிற நம்மிடம் இதற்கு ஒரே பதில் எப்படி இருக்கும்? 1990-களில் பம்ப்ரி, அடிமைகளாக இருந்த தம் முன்னோரின் பக்திப் பாடல்களைக் காப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தார். 2023 மே மாதம் வியன்னாவில் காலமானார். வயது 86.

கூட்டம் முடிந்து இரவில் அந்த எபோலி பாட்டை வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கு அனுப்பினோம். பாட்டோடு சேர்த்து, அன்று நாங்கள் சொன்னது தப்பு என்று நாலு வரியும் எழுதினோம். பார்த்துவிட்டார் என்று ஃபோன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.