ஆதிரை இல்லாத மார்கழி

2019-ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என்றழைக்கும் அச்செந்நிற விண்மீன், 2020 பிப்ரவரியில் தன் ஒளியில் பாதிக்கு மேல் இழந்து நின்றது. வெடிக்கப்போகிறது என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. விண்மீன் தானே உமிழ்ந்த தூசுதான் அதை மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினர். அதைக் கேட்டபோது நம்மில் பலருக்கு ஆறுதலைவிட ஏமாற்றமே மிஞ்சியது.

அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் உண்டு. நம் விண்மீன் மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கடைசிப் பெருவெடிப்பு 1604-இல் காணப்பட்டது. கலிலியோ தொலைநோக்கியை வானுக்குத் திருப்பியது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்துத்தான். 1987-இல் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த வெடிப்போ அண்டை மண்டலத்தில் நிகழ்ந்தது. அதன் ஒளி கண்ணில் படுமுன்பே, அங்கிருந்து வந்த நியூட்ரினோக்களில் சிலவற்றை ஜப்பானின் கமியோகா சுரங்கத்து நீர்த்தொட்டி பதிவுசெய்துவிட்டது.

திருவாதிரை வெடித்தாலும் நமக்கு ஊறில்லை. ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது அது. இதனினும் அருகில் சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பல்ல, சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த விண்மீன்களின் இரும்புத் துகள்கள் பசிபிக் கடலடியில் கிடைத்துள்ளன. உயிர்க்குலம் அதையும் கடந்து வந்திருக்கிறது.

வெடித்தால் பல மாதங்கள் பகலிலும் தெரியும். இரவில் நிழல் விழும் அளவுக்கு ஒளிரும். பிறகு மெல்ல மங்கி, சில ஆண்டுகளில் வெறுங்கண்ணுக்கு மறைந்துபோகும். அதன்பின் வேட்டைக்காரனின் தோள் வெறுமைதான்.

இங்குதான் நம் மனம் தயங்குகிறது. சிவனை ஆதிரையான் என்றழைத்த மொழி நம்முடையது. மார்கழி முழுநிலவு அவ்விண்மீனை ஒட்டி நிற்கும் நாளில் தில்லையில் ஆருத்ரா தரிசனம், வீடுகளில் களி. பஞ்சாங்கத்தின் கணக்கு நிலவின் பாதையைப் பகுத்தது. ஆகவே ஆதிரை நாள் தொடரும். ஆனால் அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்குச் சுட்டிக்காட்ட ஒன்றும் இராது. காட்சி நமக்கு, இழப்பு பின்வருவோர்க்கு என்றால், அதை விரும்ப நமக்கு என்ன உரிமை?

நம் விருப்பத்தை விண்மீன் கேட்கப்போவதில்லை. நூறாயிரம் ஆண்டுகளுக்குள் எப்போதும் நிகழலாம் என்கின்றனர். முன்பே நிகழ்ந்து, செய்தி வழியில் இருக்கவும் கூடும். இம்மார்கழி முன்னிரவில் கிழக்கே நோக்குங்கள். நேர்வரிசையில் மூன்று விண்மீன்கள்; அவற்றுக்கு வடக்கே செந்நிறமாய் ஒன்று. இன்றைக்கு அது இருக்கிறது.