கொசுறுக்குப் பார்கோடு இல்லை

சிங்கப்பூரில் ஒரு வாரத்துக்கான மளிகைச் சாமான் வாங்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பஃப்ளோ சாலை வழியாகத் தேக்கா ஈரச்சந்தைக்குள் நுழையுங்கள். அங்கிருந்து சிராங்கூன் சாலையோடு முஸ்தஃபா சென்டர் வரை நடங்கள். வீடு திரும்பும்போது உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் பேரங்காடியில் பாலும் முட்டையும் வாங்குங்கள். மூன்று இடத்திலும் வாங்குவது ஏறத்தாழ ஒரே மாதிரிப் பொருள்கள்தான். காசு கொடுக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருக்கும்.

தேக்காவிலிருந்து தொடங்குவோம். இங்கே முதல் சந்தை 1915ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இப்போதுள்ள கட்டடம் 1982இல் எழுந்தது. ஜூஜியாவ் நிலையம் என்று அதற்கு முதலில் பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் தேக்காதான் வந்தது. கடைசியில் 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வப் பெயரே தேக்கா நிலையம் என்று மாறியது. ‘சிறுமூங்கிலின் அடி’ என்று பொருள்படும் ஹொக்கியன் பெயரை நாம் தமிழ்ப் பெயர்போல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கால் கிலோ வெண்டைக்காய், இரண்டு முருங்கைக்காய், ஒரு கட்டுக் கீரை. காய்கறிக்காரர் எடை போடுகிறார். மனத்துக்குள்ளேயே கூட்டுகிறார். “அஞ்சு வெள்ளி குடுங்கக்கா” என்கிறார். பையைக் கையில் கொடுப்பதற்குமுன் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் உள்ளே விழுகின்றன. அதற்கு விலை இல்லை, ரசீது இல்லை. அதுதான் கொசுறு.

இதைப் பழைய காலத்து வியாபாரம் என்று ஒதுக்க முடியாது. அந்தக் கடையின் தூணிலேயே கியூஆர் குறியீடும் ஒட்டியிருக்கிறது. பேநவ் 2017இல் வந்தது. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான எஸ்ஜிகியூஆர் அட்டை 2018இல் வந்தது. காசு கைப்பேசி வழியே போகிறது. கறிவேப்பிலை கை வழியே வருகிறது. தொழில்நுட்பமும் கொசுறும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து முஸ்தஃபா. 1971இல் கேம்பல் லேனில் சிறு கடையாகத் தொடங்கிய வியாபாரம் அது. சையது ஆல்வி சாலையில் இன்று நாம் பார்க்கும் கடைத்தொகுதி 1995இல் திறக்கப்பட்டது. இங்கே மலிவு விலைக்கு நிகராகப் பிரபலமானது ஒன்று உண்டு: பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடும் வழக்கம். முதல்முறை வரும் சுற்றுப்பயணி திகைப்பார். நமக்கோ வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைத் தேடுவது பழகிப்போனது. தேக்காவில் கடைக்காரருக்கு முகம் தெரியும். இத்தனை பெரிய கூட்டத்தில் முகம் பார்க்க முடியாது. அதனால் பட்டை காவல் காக்கிறது.

மூன்றாவது இடம், வட்டாரப் பேரங்காடி. கடைக்காரர் முகமும் இல்லை, பட்டையும் இல்லை. திரையுள்ள ஓர் இயந்திரம் நிற்கிறது. நாமே வருடி, நாமே பையில் போட்டு, நாமே கட்டணம் செலுத்த வேண்டும்.

நாமே கடைக்காரர் ஆன கதை

இது நேற்று முளைத்த யோசனையல்ல. நூறு ஆண்டுகளுக்குமுன் அமெரிக்காவிலும் நம் ஊர் மளிகைக்கடை முறைதான் இருந்தது. பட்டியலைக் கொடுத்தால் கடைக்காரர் எடுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ கடையைத் திறந்து, கூடையை வாடிக்கையாளர் கையில் கொடுத்தார். அலமாரியிலிருந்து எடுக்கும் வேலை அன்று நமக்கு மாறியது. கணக்குப் போடும் வேலை மட்டும் கடையிடம் மீதமிருந்தது.

அதற்கு வழி திறந்தது பார்கோடு. 1974 ஜூன் 26ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் முதன்முதலில் வருடப்பட்டது. இன்று உங்கள் சமையலறையில் உள்ள பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 13 இலக்கங்கள் இருக்கும். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான எண். 888 சிங்கப்பூர், 955 மலேசியா, 479 இலங்கை. பொருள் விளைந்த நாட்டை அது சொல்லாது. நிறுவனம் எங்கே எண் வாங்கியது என்பதை மட்டுமே சொல்லும். பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணி நேரத்துக்கு நல்ல விளையாட்டு.

நாமே செய்துகொள்வது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. புக்கிட் பாத்தோக் நூலகத்தில் 1998லேயே மின்னணு வில்லையை வைத்து நாமாகவே புத்தகம் இரவல் எடுக்கத் தொடங்கிவிட்டோம். உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்ற விதி 2021 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் 2024 மார்ச் முதல் காரில் இருந்தபடியே கியூஆர் குறியீட்டைக் காட்டி எல்லையைக் கடக்கலாம். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊழியரே இல்லாத சியர்ஸ் கடை 2017இல் திறக்கப்பட்டது.

காரணமும் விளங்காமல் இல்லை. 2030இல் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். கடையில் நிற்க ஆள் கிடைப்பது கடினம். படிப்படியாக உயரும் சம்பள முறை 2022 செப்டம்பரில் சில்லறை வணிகத்துக்கும் வந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் காசாளருக்கு அது கிடைக்க வேண்டிய உயர்வுதான். இருக்கும் ஊழியர்களைக் கொண்டு கூடுதல் வேலை முடிக்கப் பேரங்காடிகள் வழி தேடுவதும் இயல்புதான். ஷெங் சியோங்கில் ஒரு நடுவழி உண்டு. ஊழியர் பொருளை வருடுவார், காசை நாம் இயந்திரத்தில் போட வேண்டும். வேலையும் பாதி, பேச்சும் பாதி.

அவசரமாக அலுவலகம் ஓடும் எனக்கு இயந்திரம் வசதிதான். கையில் மூன்று பொருள், முன்னால் நீள வரிசை இல்லை, ஒரு நிமிடத்தில் வெளியே. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வானொலியில் பேசுவது என் தொழில். குரல்கள் காதில் விழாமல் போகாது. இயந்திரத்துக்கும் ஒரு குரல் இருக்கிறது. தெளிவான, இனிமையான குரல். நாம் பதில் சொல்வோமா என்று காத்திருக்காத குரல்.

சில மாதங்களுக்குமுன் என் வட்டாரத்துக் கடையில், பக்கத்து இயந்திரத்தின்முன் ஒரு பாட்டி நின்றிருந்தார். கையில் சுருக்குப் பை. “ஏம்மா, காசு எங்கே போடுறது?” என்றார். அந்த இயந்திரம் அட்டை மட்டுமே ஏற்கும். நான் வாய் திறப்பதற்குள் ஒரு சீன ஊழியர் வந்தார். அவருக்கும் அறுபது வயதிருக்கும். பாட்டியைக் கைத்தாங்கலாகக் காசாளர் முகப்புக்கு அழைத்துப்போய், அவரே பொருள்களை வருடினார். “சுடா மாக்கான்?” என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று மலாயில் விசாரிப்பு. பாட்டி மீன் விலை ஏறியதை அதே சந்தை மலாயில் சொல்லத் தொடங்கினார். பேச்சு ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. அந்தப் பாட்டி அன்று வெளியாள் ஒருவரிடம் பேசியது அந்த ஒரு நிமிடம் மட்டுமாகவும் இருக்கலாம்.

தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கடைத்தெருவில் கலந்து உருவாக்கிய பேச்சு அந்தச் சந்தை மலாய். திரையில் எத்தனை மொழிகளைச் சேர்த்தாலும் அந்தப் பேச்சைச் சேர்க்க முடியாது.

நிறுத்தி வைக்கும் பொருள்

சுயமாகக் கட்டணம் செலுத்தும் இயந்திரங்கள் பலவற்றில் பை வைக்கும் தட்டுக்கடியில் எடைக்கருவி இருக்கும். வருடிய பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துப்போக வேண்டும். வருடாத ஒன்று தட்டில் விழுந்தால் விளக்கு எரியும், ஊழியர் வரவேண்டும். அதாவது, விலையில்லாமல் பையில் விழும் எதுவும் அதற்குப் பிழை. தேக்காவில் அன்பு என்று நாம் சொல்வதற்கு இங்கே எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

இயந்திரத்தைக் கோபித்துப் பயனில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதே வேளையில், அது நம்மை நம்புவதையும் மறந்துவிடக்கூடாது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். எத்தனை பை எடுத்தோம் என்று திரையில் நாமேதான் சொல்கிறோம். அந்த நம்பிக்கையைச் சிலர் உடைக்கவும் செய்கிறார்கள். சிங்கப்பூரில் எல்லா வகைக் கடைத்திருட்டுகளும் சேர்த்து 2023இல் 3,939 சம்பவங்கள் பதிவாயின. 2024இல் அது 4,237 ஆனது. கடைத்திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பும் வீடுகளில் இதை ஒருமுறை பேசிவிடுவது நல்லது. ‘வருட மறந்துட்டேன்’ என்பது ஒரு விளையாட்டு அல்ல.

வெளிநாடுகளில் சிலர் மாற்றியும் யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வட பகுதியில் அப்போது 28 கடைகள் வைத்திருந்த பூத்ஸ் நிறுவனம், இரண்டைத் தவிர மற்றவற்றில் இந்த இயந்திரங்களை எடுத்துவிடப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. நெதர்லாந்தின் யும்போ பேரங்காடி 2019இல் ‘பேச்சு முகப்பு’ ஒன்றைத் தொடங்கியது. அவசரமில்லாதவர்களுக்கான வரிசை அது. காசாளருடன் நின்று பேசலாம். தனிமையில் வாடும் முதியவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கி, பிறகு பல கிளைகளுக்கும் விரிவாக்கினார்கள்.

இங்கே நமக்கு அப்படியொரு திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இயந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். கூட்டமில்லாத காலை வேளையில், அவர் விரலாலேயே திரையைத் தொட வைத்து, ஒரே ஒரு பால் பொட்டலத்துடன் தொடங்கலாம். நாமே எல்லாவற்றையும் வருடிக் கொடுத்துவிட்டால் அவருக்குக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை, பேசவும் வழியில்லை. அவருக்கு இயந்திரம் வேண்டாம் என்றால், அதையும் மதித்துக் காசாளர் வரிசையில் கூடவே நிற்கலாம். ஆள் நிற்கும் முகப்பைத் தேடி யாரும் வராவிட்டால், அதை மூடுவதற்குக் கடைக்கு வேறு காரணம் தேவைப்படாது.

அடுத்த முறை அவசரமில்லாத நாளில் அந்த வரிசைக்குப் போங்கள். காசாளரின் சட்டையில் பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள்.