லயத்துக்கு வரவேண்டிய தாதி

ஹட்டனில் ஏறினால் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை. அங்கிருந்து ஹைலெவல் வீதியில் மகரகமை. போக மட்டும் நான்கைந்து மணி நேரம். கண்டியிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. என்றாலும் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் என்றால் மாதக்கணக்கில் இந்த வழிதான். கூடப் போவது பெரும்பாலும் அம்மா. போன நாளுக்குப் பேர் விழாது, அரைப் பேர்கூட இல்லை. அன்றைய நாட்சம்பளமும் போச்சு, பஸ் காசும் போச்சு.

*

மகரகமையில் 'சுவ அரண'. அபேக்ஷாவுக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்கு இந்திரா புற்றுநோய் நம்பிக்கை நிதியம் கட்டியது. சிறுவர்களுக்கென்று இலங்கையில் வந்த முதல் நோய்தணிப்பு (palliative care) நிலையம். கும்பிடத்தக்க வேலை. ஆனால் பிள்ளை வீடு திரும்புவது டயகமவுக்கு, மஸ்கெலியாவுக்கு. அங்கே நடுச்சாமத்தில் வலி வந்தால்?

*

1982, ஒக்ஸ்போர்ட். பிள்ளைகளுக்கான உலகின் முதல் ஹொஸ்பிஸ், ஹெலன் ஹவுஸ். தொடங்கியவர் பிரான்சஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரி. மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட ஹெலன் என்ற சிறுமியை அவளுடைய பெற்றோர் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று பிள்ளையை இடையிடையே தம்மிடம் வைத்துக்கொண்டார் டொமினிக்கா. சாகப்போகும் பிள்ளைகளை ஒதுக்கி வைக்கும் இடமாக அது தொடங்கவில்லை. பெற்றோரின் களைப்பைப் பார்த்துத் தொடங்கியது. நம்மவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1998 இல் சொன்னதும் இதுதான்: நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே நோய்தணிப்புப் பராமரிப்பு தொடங்க வேண்டும்; குணமாக்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

*

நமக்குப் பொருந்துவது கேரளத்தின் வழி. 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் நோய்தணிப்பு வேலையைச் சிறிதாகத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத நோயாளிகளே அதிகம் என்று தெரிந்ததும் வேலை வீடுகளுக்குப் போனது. 1990களின் இறுதியில் மலப்புறம் பக்கம் அயலவர் வலையமைப்பு உருவானது. ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்தார்கள், ஊர்க்காரர்களே காசு சேர்த்தார்கள், தாதி வீடு வீடாகப் போனார். 2008 இல் மாநில அரசு கொள்கையே வகுத்தது. கேரளத்தின் புகழ் பெரிய கட்டடம் கட்டி வந்ததில்லை.

*

இனி, வலிக்குக் கொடுக்கும் மோர்பீன் பற்றி. வாயால் கொடுக்கும் கரைசல், ஊசி கூட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நிறைக்கேற்ற அளவு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து. விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வலியை எண்ணால் அளந்து சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு முகங்கள் வரைந்த அட்டை இருக்கிறது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு. பிள்ளை விரல் வைக்கும். அளவோடு, வலிக்கென்று கொடுத்தால் பிள்ளை அடிமையாகிவிடாது. இதைப் பெற்றோருக்கு மட்டுமல்ல, சில தோட்டத்து டிஸ்பென்சர்மாருக்கும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி காம்பரா. ஒரு பிள்ளை இரவெல்லாம் அழுதால் அந்த லயமே தூங்காது. வலி அங்கே ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை.

*

பழைய சட்டம் ஒன்று. 1912 இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கவனிப்பும் போஷாக்கும் கிடைப்பதைத் துரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. நூறு வருஷம் தாண்டியும் தோட்டத்துச் சுகாதாரத்தின் கண் கைக்குழந்தையின் மேலும் பிள்ளைத்தாய்ச்சியின் மேலும்தான். எட்டு வயதில் எலும்பில் கட்டி வந்த பிள்ளை அந்தக் கணக்கில் எங்கே வரும்?

*

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி. இந்திய உதவி, 150 கட்டில், 2017 மே மாதம் மோடி வந்து திறந்தார். கட்டில்கள் வந்தன, சரி. கட்டிலை விட்டு வீட்டுக்குப் போன பிள்ளையைத் தேடி யார் போவது?

ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். டிஸ்பென்சர் இருக்கிறார், மருத்துவிச்சி இருக்கிறார், பிள்ளைக் காம்பராவில் பொறுப்பாள் இருக்கிறார், கோயில் கமிட்டி இருக்கிறது. செத்தால் காசு சேர்த்துக் கொடுக்க மரண உதவிச் சங்கமும் இருக்கிறது. உயிரோடு வலியில் கிடக்கிறவருக்கு ஒரு சங்கம் வைக்க நமக்கு ஏன் தோன்றவில்லை? மலப்புறத்துக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

*

நோய்தணிப்புக்கு இலங்கை ஒரு தேசிய மூலோபாயச் சட்டகம் வகுத்தது, 2019 முதல் 2023 வரைக்கும். இடையில் கொரோனா. 2022 இல் பெற்றோலும் இல்லை, மருந்தும் இல்லை. காலம் முடிந்துவிட்டது, தாளை எடுத்துத் தூசி தட்ட வேண்டும். நுவரெலியா மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கேட்பது மூன்று. கிளங்கனிலிருந்து லயங்களுக்குப் போக ஒரு தாதி, ஒரு வாகனம். அவர் கையில் மோர்பீன் கரைசல். பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு அம்மாவுக்குப் பேர். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அடுத்த முறை உட்காரும்போது இந்த மூன்றாவதையாவது மேசையில் வையுங்கள்.