எறும்புப் பறவையும் காட்டின் கணக்கும்

எறும்புப் பறவை என்னும் பெயர் பொருத்தமற்றது. அமேசன் காட்டின் இருளடர்ந்த கீழ்த்தளத்தில் வாழும் இச்சிறு பறவை எறும்பை உண்பது அரிது. இலட்சக்கணக்கில் திரண்டு தரையைத் துழாவிச் செல்லும் படையெறும்புகளுக்கு அஞ்சி வெளிப்பாயும் வெட்டுக்கிளியையும் கரப்பானையும் கொத்தித் தின்றே அது பிழைக்கிறது. இக்குடும்பத்தில் என் மனத்தைக் கவர்ந்தது வெண்குஞ்சம் தரித்த ஓர் இனம். எடை சுமார் 20 கிராம். நெற்றியிலும் மோவாயிலும் வெள்ளை இறகுக் கற்றை. படத்திலே பார்த்தால், நரைத்த தாடிக் கிழவனார் ஒருவர் கோபத்தோடு ஏதோ கேட்க வருவதுபோல் தோன்றும். கேட்கவேண்டியதுதான்.

1964 இல் பிறேசிலில் அதிகாரத்தைக் கைப்பற்றிய இராணுவ ஆட்சி, அமேசனில் மாட்டுப் பண்ணை அமைத்த பணமுதலைகளுக்கு வரிச்சலுகையும் மானியமும் வாரி வழங்கிற்று. காணியில் பாதியைக் காடாக விடவேண்டும் என்று 1965 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. பாதி! அப்பாதி எவ்வளவு சிறு துண்டுகளாகச் சிதறினால் காடாக இராது போகும்? மனவுஸ் நகருக்கு வடக்கே 1979 இல் தோமஸ் லவ்ஜோய் தொடக்கிய ஆய்வு இக்கேள்வியையே எடுத்துக்கொண்டது. பண்ணைக்காக வெட்டப்படும் காட்டினிடையே 1, 10, 100 ஹெக்டேயர் அளவான சதுரங்கள் விடப்பட்டன. மரங்கள் நின்றன, ஆனால் சிறிய சதுரங்களிலிருந்து வெண்குஞ்சப் பறவை விரைவிலேயே மறைந்தது.

இதை நான் வகுப்பிற் கூறியபோது, "மரம் நிற்கையில் பறவைக்கு என்ன குறை, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு படையெறும்புக் குடிக்கு ஏறத்தாழ 30 ஹெக்டேயர் வேண்டும். அக்குடியும் இரண்டு வாரம் அலைந்தால், மூன்று வாரம் ஓரிடத்தில் தங்கிவிடும். அந்நாட்களில் வேட்டை குறையும். ஆகவே பறவை பல குடிகளின் இருப்பிடங்களை அறிந்துவைத்து, அவற்றைச் சென்று பார்த்து, புறப்படும் படையின் பின்னே போகிறது. அன்றாடம் வேலை தேடி வாசல் வாசலாக ஏறியிறங்கும் கூலித்தொழிலாளியின் சீவியம் அது. ஒரு வாசலை மட்டும் விட்டுவைத்து, "உன் பங்கு இருக்கிறதே" என்றால் அவன் எங்கே போவான்? வெயில் விழும் வெட்டவெளியைக் கடக்கவும் இப்பறவை துணிவதில்லை.

பின்னர் மானியம் வற்றியது. பண்ணைகள் சில கைவிடப்பட்டன. தீயிடப்படாத நிலங்களில் செக்ரோப்பியா மரங்கள் விரைந்தெழுந்தன. அவற்றின் நிழல் கூடியதும், எறும்பின் பின்செல்லும் பறவைகள் அருகிலிருந்த சதுரங்களுக்குத் திரும்பி வந்தன.