பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: 32 வந்த வழி

ஆங்கிலத்தில் ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் எழுதலாம், சிறிய எழுத்திலும் எழுதலாம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எண்வரிசைகள். இந்த வேறுபாட்டைப் பாராமல் ஒப்பிடும் பழைய சி நிரல்களைப் புரட்டினால், ஓர் எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 32. பெரிய ஏ 65, சிறிய ஏ 97. பெரிய இசட் 90, சிறிய இசட் 122. இந்த 32 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது 1963-ஆம் ஆண்டில் போய் நின்றேன்.

அதற்கு முன் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழவில்லை. தந்தி எந்திரங்களின் 5 பிட் குறியீட்டில் இருவகை எழுத்துகளுக்கும் இடம் கிடையாது. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் நிரல்மொழி முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதப்பட்டது. எழுத்துகளுக்கு எண் வகுக்கும் ஆஸ்கி தரத்தின் 1963 முதல் பதிப்பிலும் சிறிய எழுத்துகள் இல்லை. அதன் 128 இடங்களில் கடைசி 32 பெரும்பாலும் காலியாக இருந்தன. அங்கே சிறிய எழுத்துகளை வைக்கலாம் என்ற முன்மொழிவு அதே ஆண்டில் சர்வதேசத் தந்தித் துறைப் பணிக்குழு ஒன்றிலிருந்து வந்தது. 1967 திருத்தப் பதிப்பில் அவை இடம்பெற்றன.

வைத்த இடத்தில்தான் நுட்பம் இருக்கிறது. 65-ஐ இரும எண்ணாக எழுதினால் 1000001. 97 என்பது 1100001. மாறுவது 32-ஐக் குறிக்கும் ஒரே ஒரு பிட். அதை அணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒப்பிடுவது எளிதானது, விசைப்பலகை, அச்செந்திரம் ஆகியவற்றின் அமைப்பும் எளிதானது. கணினி வரலாற்றின் மிக நேர்த்தியான முடிவுகளில் ஒன்றாக இதைத் தயங்காமல் சொல்லலாம். 1964-இல் ஐபிஎம் கொண்டுவந்த எப்சிடிக் குறியீட்டிலும் ஒரு பிட்தான் வேறுபாடு. ஆனால் அதில் சிறியவை முன்னால், பெரியவை 64 இடம் தள்ளிப் பின்னால்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்துதானா என்று பார்க்காமல் பிட்டை அணைத்தால், 91-இல் உள்ள சதுர அடைப்பும் 123-இல் உள்ள நெளிவு அடைப்பும்கூட ஒன்றாகிவிடும். இன்னொரு எல்லை மொழி. துருக்கியர் 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி வைத்த ஐ, புள்ளியில்லாத ஐ என்று இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெரிய வடிவம். எனவே துருக்கி மொழி அமைப்பில் ஓடும் ஜாவா நிரல், பெரிய எழுத்தில் உள்ள 'டைட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தாக்கினால் அதன் ஐ புள்ளியிழந்து நிற்கும். ஜெர்மனின் எஸ்செட் என்ற ஒற்றை எழுத்து, பெரிதாக்கும்போது வழக்கமாக இரண்டு எஸ் ஆகிறது. சொல்லின் நீளமே மாறிவிடுகிறது. கிரேக்கச் சிக்மாவுக்குச் சிறிய வடிவமே இரண்டு.

இந்தத் தேடலில் மிகவும் நிறைவளித்தது ஜாவாவின் மூல நிரலில் உள்ள ஒரு குறிப்பு. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் ஒப்பிடும் செயல்கூறு, இரண்டு எழுத்துகளையும் முதலில் பெரிதாக்கிப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் சிறிதாக்கி மறுபடியும் பார்க்கிறது. ஒரே வேலையை ஏன் இரண்டு முறை செய்ய வேண்டும்? ஜார்ஜிய எழுத்துகளுக்குப் பெரிதாக்குவது மட்டும் சரிவராது என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கான தரமான யூனிகோடு இதற்கெல்லாம் சேர்த்து ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. எந்த எழுத்தை எந்தப் பொது வடிவமாக மாற்றி ஒப்பிட வேண்டும் என்பதை அது சொல்கிறது. பெரும்பாலானவை சிறிய வடிவத்துக்குப் போகும். செரோக்கி எழுத்துமுறை மட்டும் பெரிய வடிவத்துக்குப் போகும். காரணம், அதன் சிறிய எழுத்துகள் 2015-இல்தான் சேர்க்கப்பட்டன. முன்பே பதிவான எழுத்துகளின் பொது வடிவத்தை மாற்றக்கூடாது என்பது விதி. பெரிய, சிறிய வடிவங்கள் இல்லாத தமிழ் எழுத்துகள் அட்டவணையில் மாற்றமின்றிக் கடந்து போகின்றன.

கட்டளைச் சொல், இணைய முகவரி போன்றவற்றை ஒப்பிடும்போது கணினியின் மொழி அமைப்பைச் சாராத முறையையே நிரலாளர்கள் கையாள வேண்டும். மனிதர் எழுதிய உரைக்கு யூனிகோடு அட்டவணையே ஏற்றது. பைத்தான் 2012 முதல் அதை உள்ளடக்கமாகவே தருகிறது. 32-ஐக் கழித்து ஒப்பிடும் நிரலை இனிப் புதிதாக யாரும் எழுத வேண்டியதில்லை.